கோயில் சர்வரில் கேட்ட குரல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சிங்கப்பூரில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை, எதற்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று வாய் கிழியப் பேசுகிறவள். இதைக் கேட்டுவிட்டு நீங்களும் என்னிடம் அப்படித்தான் பேசப்போகிறீர்கள், பேசுங்கள்.

நாங்கள் எல்லாரும் மலேசியாவில் காஹாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்தவர்கள், இப்போது ஒரே தாமானில், ஒரே வீட்டு வரிசைக் குடியிருப்பில் இருக்கிறோம், நான் சனி ஞாயிறு வந்துபோவேன். அங்கே கோயில் மண்டபத்தில் ஒரு சின்ன சர்வர் வைத்துக்கொடுத்தது நான்தான். இன்டர்நெட் எல்லாம் கிடையாது, மண்டபத்துப் பக்கம் வந்தால் போனில் வைஃபை பிடிக்கும், பழைய திருவிழாப் படம், கல்யாணப் படம், தண்ணீர் எப்போது வரும் என்கிற சேதி, யாரும் எதையும் போடலாம், பேசியும் பதியலாம்.

அப்புறம் தோட்டத்துச் சுடுகாட்டைத் தரைமட்டமாக்கி வீடு கட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. இடத்தைக் காட்டுகிறவர்கள் எலும்பை எடுத்துக்கொண்டு போகலாம், மிச்சமெல்லாம் மண்வாரிக்குத்தான். எங்கள் ஆண்கள் போனோடு போய், இது இன்னாருடைய குழி என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்று பேசி சர்வரில் ஏற்றினார்கள்.

அஞ்சலை அத்தை தினமும் மண்டபத்துக்கு வந்துவிடுவார். சொந்த அத்தை இல்லை, லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. அவருடைய தலைப்பிள்ளை, பெண் குழந்தை, பால் மறப்பதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டது. பெண்கள் சுடுகாட்டுக்குப் போவது எங்களில் வழக்கமில்லை, அதனால் எங்கே புதைத்தார்கள் என்று பெற்றவளுக்கே தெரியாது. புதைத்துவிட்டு வந்த மாமாவும் சொல்லவில்லை, கேட்டால் அழுதுவிடுவாராம். அவர் போய்ச் சேர்ந்தும் வெகு காலமாகிவிட்டது, கூடப் போன ஆண்களில் ஒருவரும் இப்போது இல்லை.

"தேவி, எம் புள்ள எங்கன்னு யாராச்சும் போட்டாங்களா, பாரு லா."

"இல்ல அத்த."

"நல்லா பாரும்மா."

என்னத்தைப் பார்ப்பது? இருந்தாலும் மறுபடியும் முதலிலிருந்து தேடிக் காட்டுவேன்.

மண்வாரி இறங்குவதற்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், ஆனால் அப்படி ஒரு மழை. தாமான் முழுக்கக் கரண்ட் போய்விட்டது, சர்வரும் நின்றுவிட்டது, மண்டபத்தில் நானும் அத்தையும்தான். கரண்ட் வந்ததும் சர்வரைத் திறக்கிறேன், புதிதாக ஒரு குரல் பதிவு கிடக்கிறது. யார் போனிலிருந்து வந்தது என்று காட்டுகிற இடம் காலி. நம்பினால் நம்புங்கள், அது ஏறியிருக்கிற நேரம் சர்வர் நின்று கிடந்த நேரம்.

போட்டுப் பார்த்தேன். சருகை மிதித்துக்கொண்டு யாரோ நடக்கிற சத்தம், ஓர் ஆண் இருமுகிறார். அந்த இருமலிலேயே அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்க மாமாடி."

பதிவில் அந்தக் குரல் சொன்னது இவ்வளவுதான். "பால் கொட்டாய்க்குப் பின்னால எறங்கு அஞ்சல. ஓடையத் தாண்டுனா ரெட்ட ரப்பர் மரம் நிக்கும். அதுக்கு வலப் பக்கம் ஒரு வெள்ளக் கல்லு வச்சிருக்கேன்."

எனக்கு ஆத்திரம்தான் வந்தது, எவனோ இந்த அம்மாவிடம் விளையாடுகிறான் என்று. ஆனால் அத்தை அதற்குள் செருப்பை மாட்டிவிட்டார், நான் பதிவை என் போனில் ஏற்றிக்கொண்டு, மழையோடு மழையாகக் காரை எடுத்தேன்.

அத்தை சுடுகாட்டில் கால் வைத்தது அன்றைக்குத்தான். எங்கே பார்த்தாலும் எண்ணெய் எடுக்கிற செம்பனை, பாதிச் சுடுகாட்டுக்குள்ளேயே செம்பனை. ரப்பரை வெட்டிச் சாய்த்து எத்தனையோ காலமாயிற்று, ரப்பர் பால் நிறுக்கிற கொட்டாய் இருந்த தடமே இல்லை, ஓடையைத் தூர்த்துவிட்டார்கள். செத்துப்போன மனிதருக்கு அவர் காலத்துத் தோட்டம்தானே தெரியும். பதிவைப் போட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டு நடந்தோம். வெள்ளையாக எது தெரிந்தாலும் அத்தை உட்கார்ந்து கையாலேயே தோண்டினார்.

"ஐயோ, அந்த மனுசன் சொன்னதுல ஒண்ணுகூட இல்லியேடி!"

இருட்டுவதற்குள் அவரை இழுத்துக்கொண்டு வந்தேன். ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டார், அது யார் பெற்ற பிள்ளையின் மண்ணோ. மறுநாள் மண்வாரி இறங்கி எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டது. எல்லாம் முடிந்துபோனது என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஒருநாள் என் அண்ணனிடம் காட்டலாம் என்று போனில் அதைப் போட்டேன், பதிவு நீண்டிருக்கிறது. அலமாக், போனைக் காதோடு ஒட்டிக்கொண்டேன். வெள்ளைக் கல் என்றதோடு முடிந்த குரல் இப்போது முடியவில்லை. மறுபடியும் நடக்கிறார், சருகுச் சத்தம் இல்லை, சேற்றில் கால் புதைந்து புதைந்து எடுக்கிற சத்தம். இருமுகிறார். "மரமெல்லாம் எங்க போச்சு அஞ்சல? கல்லக் காணோமே."

அதை நான் அத்தைக்குப் போட்டுக் காட்டவில்லை. "மாமா வேற ஏதாச்சும் சொன்னாரா?" என்று இன்னமும் கேட்கிறார், இல்லை என்கிறேன். அழிக்கவும் மனம் வரவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. கேட்கும்போதெல்லாம் கொஞ்சம் கூடியிருக்கிறது. போன வாரம் கேட்டபோது எங்கோ தூரத்தில் ஒரு கைக்குழந்தை அழுதது, அவர் சேற்றில் ஓடுகிறார், நிற்கிறார், அழுகை எந்தப் பக்கம் என்று தெரியாமல் திரும்பி வேறு பக்கம் ஓடுகிறார்.