மதாமின் முழங்காலும் அப்பாவின் மின்னஞ்சலும்

நேற்று மாலை மொன்றியலில், ரொக்ஸ்பரோவுக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபோது மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. ஆசிரியை பிரெஞ்சில் எழுதியதை, நான் கேட்காமலே, செயலி தமிழில் மாற்றித் தந்தது. ‘உங்கள் குழந்தை இன்று ஒரு அழகான நாளைக் கொண்டிருந்தது. அதன் பூட்ஸ்கள் மறக்கப்பட்டுள்ளன.’ வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் தன் பையை மடியோடு அணைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும் பழசு நினைவுக்கு வந்தது. ஒரு காலத்தில் அந்தச் செயலியின் வேலையை இந்த ஊரில் பார்த்தவள் நான். அதைவிடப் பெரிய புளுகுகளோடு பார்த்தவள்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். எனக்குப் பதினொரு வயது. அம்மாவும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து மொன்றியலுக்கு அப்போதுதான் வந்திருந்தோம். அப்பா எனக்கு இரண்டு வயதாக இருக்கும்போதே இங்கே வந்துவிட்டவர். விமான நிலையத்தில் மீசை வைத்த ஒருவரைக் காட்டி, “அப்பாவிட்டப் போ” என்றார் அம்மா. போனேன், வேறென்ன செய்வது? துறைமுகப் பக்கம் ஒரு பண்டகசாலையில் அவருக்குப் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. வீட்டில் அவரை எதுவென்றும் கூப்பிடாமலே நான் சமாளித்துவந்தேன். சாப்பிடக் கூப்பிடச் சொன்னால் அவர் முன்னால் போய் நின்று இருமுவேன். “பிள்ளைக்குத் தடிமன் மாறேல்லையோ?” என்று அவர் அம்மாவிடம் கேட்பார்.

பள்ளியில் என்னைப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கான பிரெஞ்சு வகுப்பில் போட்டார்கள். அந்த வகுப்பை நினைத்தால் முதலில் வருவது மணம்தான். ஹீட்டரில் காயும் கம்பளிக் கையுறைகளின் மணம், பூட்ஸிலிருந்து உருகி ஓடும் பனியின் மணம், எல்லாவற்றுக்கும் பின்னால் சூடான தூசி மணம். அந்தத் தூசி மணம் வகுப்பின் கடைசியில் வரிசையாக இருந்த நான்கு கணினிகளுடையது. முதுகில் கூன் விழுந்த பெரிய பெட்டிகள். திரையைக் கையால் தடவினால் மயிர் கூச்செறியும். சுட்டியின் அடியில் உருளும் குண்டை யாராவது களவெடுத்துவிடுவதால், நான்கில் இரண்டுதான் எப்போதும் வேலை செய்யும்.

முதல் கிழமை என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார்கள். இரண்டு வரி வாசித்தேன். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்களா என்று இன்றைக்கும் தெரியாது. அன்றோடு வாயை மூடியவள்தான். வீட்டில் லொடலொடவென்று கதைத்துக் காதைத் தின்கிற எனக்கு, வகுப்புக்குள் நுழைந்ததும் வாய்க்குள் கொழுக்கட்டை.

கணினிதான் என்னைக் காப்பாற்றியது. பிழையாக எழுதினால் சொல்லுக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு நெளியும், அவ்வளவுதான். அது சிரிக்காது. பக்கத்து ஆளைப் பார்த்துக் கண்ணடிக்காது. திருத்தினால் பேசாமல் போய்விடும். அப்படி ஒரு நல்ல பிறவியை நான் அந்தப் பள்ளியில் வேறெங்கும் காணவில்லை.

எங்கள் ஆசிரியையை எல்லோரும் மதாம் என்போம். புதுமையில் ஆசை உள்ளவர். இனிப் பெற்றோருக்கு மின்னஞ்சலில்தான் எழுதப்போகிறேன் என்றார். வீட்டில் கணினி இல்லாதவர்கள் பெற்றோரின் பெயரில் வகுப்பிலேயே ஒரு கணக்குத் திறந்து, கடவுச்சொல்லைத் துண்டில் எழுதிக்கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நானும் திறந்தேன், துண்டும் எழுதினேன். அது என் கொம்பாஸ் பெட்டியைத் தாண்டிப் போகவில்லை.

முதல் கடிதம் வந்தது. உங்கள் மகள் வகுப்பில் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை, காதைச் சோதித்துப் பார்த்தீர்களா, இப்படியே போனால் இன்னொரு வருடம் இதே வகுப்பில் இருக்க வேண்டி வரும். இன்னொரு வருடமா? இடைவேளைக்கு எல்லோரும் பனியில் விளையாடப் போக, தடிமன் என்று சொல்லி உள்ளே இருந்துவிட்டேன். அப்பாவாக உட்கார்ந்து பதில் எழுதினேன்.

அப்பாவின் கடிதம் எப்படி இருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வருடமாக அம்மா உரத்து வாசிக்கக் கேட்டவள் அல்லவா! ஆகவே அகராதியைத் தட்டித் தட்டிப் பிரெஞ்சில் இப்படித் தொடங்கினேன்: ‘நான் இங்கு நலம். அதுபோல் உங்கள் நலமறிய ஆவல்.’ பிறகு விஷயத்துக்கு வந்தேன். ‘என் மகளின் காது நல்லது. வீட்டில் அவளை நிறுத்துவதுதான் கஷ்டம். ஒன்பது வருடம் அவளுக்காகக் காத்திருந்தவன் நான். நீங்களும் இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.’ அனுப்பினேன். வகுப்பின் முன்பக்கம் மதாமின் கணினி ‘டிங்’ என்றது. அவர் வாசித்தார். நான் தலையைக் கூனுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

பதிலும் வந்தது! தானும் நலம்தான் என்றும், ஐஸில் சறுக்கி விழுந்ததில் முழங்கால்தான் நோகிறது என்றும் எழுதியிருந்தார். இந்த ஊரில் பள்ளிக்கூடத்துக்கு எழுதுகிறவர்கள் நலம் விசாரிப்பதில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? அடுத்ததில் முழங்காலை விசாரித்தேன். இப்படியே பனிக்காலம் முழுக்கக் கடிதம் போய் வந்தது. வீட்டில் “சாப்பிட்டியோ?” என்பதற்கு மேல் கேட்காத மனிதர், மின்னஞ்சலில் கப்பல்களையும் ஆற்றில் உடையும் பனியையும் பற்றி வர்ணித்தார். எனக்கு எப்படிப்பட்ட அப்பா வேண்டுமோ அப்படிப்பட்டவரை நானே எழுதிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை.

வசந்தத்தில் பெற்றோர் சந்திப்புக்கான அழைப்பு தபாலில் வந்து தொலைத்தது. அப்பா அரை நாள் லீவு எடுத்து, சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்தார். மொழிபெயர்ப்பாளர் நான்தான், எப்படியும் புரட்டிவிடலாம் என்றிருந்தேன். ஒன்பது வருடம் பிரெஞ்சுக்காரரோடு பெட்டி தூக்கியவருக்குப் பிரெஞ்சு விளங்கும் என்பது என் மண்டையில் உறைக்கவில்லை.

மதாம் எழுந்து கை கொடுத்தார். “முழங்கால் இப்போது சுகம், முசியே. விசாரித்ததற்கு நன்றி.”

நான் அவசரமாக, “நான் நல்லாப் படிக்கிறனாம்” என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். மதாமின் முழங்காலைப் பார்த்தார். பிறகு தன் ஓட்டைப் பிரெஞ்சில், “நல்லது, மதாம். குளிர், முழங்காலுக்குக் கூடாது” என்றார்.

“உங்கள் கடிதங்கள் மிக அழகானவை. ஒன்றுதான் வேடிக்கை, எல்லாம் எங்கள் இடைவேளை நேரத்திலேயே வருகின்றன.”

“எனக்கும் அந்த நேரம்தான் பிறேக், மதாம்.”

மதாம் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அடுத்த வருடம் நான் சாதாரண வகுப்புக்குப் போகலாம், ஆனால் அப்பா எழுதுவதைப் போல மகள் பேசவும் வேண்டும் என்றார். “பேசுவேன், மதாம்” என்றேன், பிரெஞ்சில், உரத்து. அந்த வகுப்பில் என் குரலை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா வெகுநேரம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஏச்சு விழப்போகிறது என்று நான் ஒடுங்கிப்போய் இருந்தேன்.

“அப்ப, நான் வேற என்னென்ன எழுதினனான்?”

எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொன்னேன். கப்பல், பனி, கடைசியாக அந்த ஒன்பது வருடம். அவர் மூக்கை உறிஞ்சினார். கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தபடி சொன்னார்: “அதை வடிவா எழுதியிருக்கிறன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் தரிப்பிடம் நெருங்கியது. “அப்பா, மணிக் கயித்தை இழுங்கோ, இறங்க வேணும்” என்றேன். இழுத்தார். அதன் பிறகு நான் அவர் முன்னால் இருமவில்லை.

இப்போது அந்தக் கூன் பெட்டிகள் இல்லை. மகளின் வகுப்பில் ஆளுக்கொரு பலகைக் கணினி, அது பிழையைச் சொல்லாமலே தானே திருத்திவிடுகிறது. அப்பா போய் இரண்டு பனிக்காலம் ஆகிறது. செத்தவீடு நடந்த கிழமை ஒருநாள், அவர் பெயரில் நான் திறந்த அந்தப் பழைய மின்னஞ்சல் கணக்கைத் திறக்கப் பார்த்தேன். அப்படி ஒரு கணக்கே இல்லை என்றது. கடிதங்களும் அதோடு போய்விட்டன.

நேற்று மகளின் ஆசிரியைக்குப் பதில் அனுப்பப் போனால், செயலி மூன்று ஆயத்தப் பதில்களை நீட்டியது: நன்றி, சரி, ஒரு கட்டைவிரல். மூன்றையும் தள்ளிவிட்டுப் பிரெஞ்சில் தட்டினேன். ‘நாங்கள் இங்கு நலம். அதுபோல் உங்கள் நலமறிய ஆவல். பூட்ஸை நாளை எடுத்துக்கொள்கிறோம்.’ கீழே என் பெயரைப் போட்டேன். இந்தக் கியூபெக் மாகாணத்தில் கல்யாணம் கட்டினாலும் பெண்ணின் பெயர் மாறாது, அதனால் என் பெயருக்குப் பின்னால் இன்னும் அப்பாவின் பெயர்தான். வடிவாக எழுதியிருக்கிறேனா என்று கேட்கத்தான் ஆளில்லை.