பிரிக்காத இன்ஜின்

என் பெரியப்பாவின் மயிலாப்பூர் வீட்டில், கேட்டுக்கும் மாடிப்படிக்கும் நடுவே தகரக் கூரை போட்ட இடத்தில் ஒரு வண்டி நிற்கிறது. இரண்டே பேர் உட்காரலாம். துணிக்கூரையை மடக்கிக்கொள்ளலாம். அறுபதுகளில் இங்கிலாந்திலிருந்து வந்த ஸ்போர்ட்ஸ் கார். தாத்தா வாங்கியது, மூத்த மகன் என்பதால் பெரியப்பாவுக்கு வந்தது. பார்க்க வருகிறவர்களிடம் அவர் அதன் நிறத்தைப் பற்றியோ வேகத்தைப் பற்றியோ பேச மாட்டார். பானெட்டைத் தூக்கிக் காட்டி ஒன்றே ஒன்று சொல்வார்: "பிரிக்காத இன்ஜின் சார்."

பழைய வண்டி ஆட்களிடம் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. வந்தது வந்தபடி இருக்கிறது, உள்ளே யார் கையும் படவில்லை என்று அர்த்தம்.

எனக்கு விவாகரத்து ஆன மூன்றாவது மாதம், அந்த வீட்டுக் கூடத்தில் எனக்கு மறுபடி வரன் பார்ப்பது பற்றிப் பேச்சு வந்தது. பெரியப்பா தெரிந்த ஒருவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "பொண்ணு இன்ஜினியர். பாக்க நல்லாயிருப்பா. பிரிச்ச வண்டிதான், ஆனா நல்ல கண்டிஷன்." சொல்லிவிட்டு, எதிரே நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கண்ணடித்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த அப்பா சிரித்தார். பெரிய சிரிப்பு இல்லை. அண்ணன் ஜோக் அடித்தால் தம்பி சிரிக்க வேண்டிய அளவு.

நான் பட்டியல் போட்டு வாழ்கிறவள். அன்று சாயங்காலம் நோட்டில் எழுதியது: பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றம், வங்கி, இன்சூரன்ஸ், பெரியப்பா. முதல் மூன்றையும் ஒரே மாதத்தில் அடித்துவிட்டேன். நான்காவதற்கு ஒன்றரை வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

வண்டி நீலமாகப் புகைவிட ஆரம்பித்தது. ஜனவரி கடைசியில் பழைய கார்கள் ஊர்வலம். பெரியப்பா ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை. நான் வேலை பார்ப்பது இன்ஜின்களைச் சோதிக்கும் பிரிவில். வெளி மெக்கானிக்கை நம்ப முடியாது என்று என்னைக் கூப்பிட்டார்.

ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் அளந்தேன். மூன்றாவதில் மிகக் குறைவு. அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தபோது முள் மேலே ஏறியது. அப்படி ஏறினால் முக்கியக் குற்றம் மேலே இருக்கும் வால்வில் இல்லை, கீழே பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கில். தேய்ந்த ரிங் வழியாக ஆயில் மேலேறி எரிகிறது.

ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒன்று, இன்ஜினுக்கு மூடி மாதிரி இருக்கும் ஹெட்டை மட்டும் கழற்றி வால்வுகளைச் சரிசெய்வது. இரண்டு, அதோடு பிஸ்டன்களை உருவிப் புது ரிங் போடுவது. மூன்று, இன்ஜினை முழுக்க இறக்கி எல்லாவற்றையும் பிரிப்பது. இரண்டாவதே சரி, மூன்றாவது தேவையில்லை, முதலாவது மட்டும் செய்தால் புகை நிற்காது என்று அடியில் குறித்திருந்தேன்.

"ஒண்ணு போதும்" என்றார் பெரியப்பா. "பிஸ்டன்ல கை வெச்சா பிரிச்சதாயிடும்."

"ஹெட்டைக் கழட்டினா?"

"அது கணக்கில்ல கண்ணு. தொப்பிய எடுத்தா தலைய வெட்டினதா ஆயிடுமா?"

அடுத்த சனிக்கிழமை ஹெட்டைத் தூக்கினேன். நான்கு பிஸ்டன்களின் தலைகளும் கரி படிந்து கறுத்திருந்தன. பெரியப்பா உள்ளே குளித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பிஸ்டனை மட்டும் சுரண்டித் துடைத்தேன். உலோகத்தில் மூன்று இலக்கங்கள் குத்தியிருந்தன: 020.

முதலில் வந்த பிஸ்டனில் அந்த எண் இருக்காது. சிலிண்டர் கெட்டுப்போனால் அதைக் கொஞ்சம் அகலமாகக் கடைந்து, அதாவது போர் பண்ணி, பெரிய பிஸ்டன் போடுவார்கள். எவ்வளவு பெரியது என்று சொல்கிற எண் அது. ஐம்பது வருடமாக ஊருக்கெல்லாம் காட்டிய இன்ஜினை எவரோ அடிவரை பிரித்து, கடைந்து, மூடியிருக்கிறார்கள்.

போனில் படம் எடுத்துக்கொண்டு, துணியால் மூடிவிட்டு எங்கள் அடையாறு வீட்டுக்கு வந்தேன். அங்கே நானும் அப்பாவும் மட்டும்தான். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். படத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அது என்ன என்று அவர் கேட்கவில்லை. கேட்காததிலேயே தெரிந்துவிட்டது.

"அண்ணன் அப்போ டெல்லியில இருந்தாரு" என்றார். "நானும் ஒரு ஃபிரெண்டும் மகாபலிபுரம் போனோம். ரேடியேட்டர்ல தண்ணி பாக்கல. திருவான்மியூர் தாண்டினதும் இன்ஜின் அப்படியே பிடிச்சுக்கிச்சு. ராயப்பேட்டையில போர் பண்ணி, பிஸ்டன் மாத்தி, அவரு லீவுல வர்றதுக்குள்ள மூடிட்டோம்."

"அவருக்கு இன்னும் தெரியாதா?"

"தெரிஞ்சா என்னை வீட்டுக்குள்ள விட்டிருப்பாரா?"

"அன்னைக்குச் சிரிச்சீங்களே, அப்பவும் இது உங்களுக்குத் தெரியும்தானே?"

"என்னைக்கு?"

நடிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே நினைவில்லை. நான் பெரியப்பாவின் அந்த 'பிரிச்ச வண்டி' வாக்கியத்தை ஒரு சொல் விடாமல் சொல்லிக் காட்டினேன். "அதுவா..." என்று சாதத்தைப் பிசைந்தார். "அது விளையாட்டுக்குச் சொன்னதும்மா."

மறுநாள் ஹெட்டை ராயப்பேட்டையில் ஒரு லேத் கடைக்கு எடுத்துப் போனேன். வேறு கடை, வேறு ஆள். ஆட்டோவிலிருந்து இறக்குவதைப் பார்த்ததுமே கடைக்காரர் ஆரம்பித்தார்.

"இன்னா மேடம், தலைய மட்டும் எடுத்துகினு வந்துகீறீங்க, முண்டம் எங்க?"

"வீட்ல."

"ரிங்கு மாத்தியாச்சா?"

"மாத்தக் கூடாதாம். ஓனர் சொல்லிட்டார்."

"வால்வ டைட் பண்ணிட்டு ரிங்க அப்படியே உட்டீங்கன்னா பொகை இன்னும் ஜாஸ்தியாதான் வரும். கொசு மருந்து வண்டி மாரி போய்க்கினு இருப்பாரு ஒங்க ஓனரு. சொன்னீங்களா?"

"எழுதியே குடுத்திருக்கேன்."

அவர் என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். "அப்ப செரி."

அப்பா அந்த வாரம் முழுக்க என் பின்னாலேயே வந்தார். சமையலறையில், பால்கனியில், நான் செருப்பு மாட்டும்போது. "ரிங் மாத்திடு பாப்பா. அவருக்குத் தெரிய வேணாம். சைஸ் கண்டுபிடிச்சிட்ட, செட்டு வாங்கிட்டா ஒரு நாள் வேலைதானே. நல்லா ஓடிச்சுன்னா அவரு இருக்கிற வரைக்கும் எவனும் திறக்க மாட்டான்." அவர் சொன்னது தொழில்ரீதியாகச் சரி. 020 அளவு ரிங் செட்டுக்கு நான் ஏற்கெனவே ஆர்டர் கொடுத்திருந்தேன். புதன்கிழமை கூரியரில் வந்துவிட்டது. டப்பாவைக் காட்டி, "நீங்களே பெரியப்பாகிட்ட சொல்லுங்க. சனிக்கிழமைக்குள்ள. சொன்னா போடறேன்" என்றேன்.

"சொல்றேன்" என்றார்.

சனிக்கிழமை அப்பாவும் கூட வந்தார். ஹெட்டைத் திரும்பப் பொருத்துவதற்காகத் துணியை எடுத்தேன். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இது இன்னா நம்பர்?"

நான் அப்பாவைப் பார்த்தேன். ஒரு ஸ்பேனரை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பாவைக் கேளுங்க பெரியப்பா."

"கம்பெனி நம்பர்ண்ணா" என்றார் அப்பா.

"பாத்தியா!" பெரியப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இத்தனை வருஷத்துல கம்பெனி நம்பர்கூட அழியல!" போனை எடுத்து, வெளிச்சத்துக்காக என்னை நகரச் சொல்லி, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் நாலைந்து படம் எடுத்தார். ஊர்வலத்தில் எல்லோருக்கும் காட்டப்போவதாகச் சொன்னார். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த எண்ணைப் படிக்கத் தெரியும். எனக்கு அது தெரியும். அவர் சொன்னபடி நகர்ந்து கொடுத்தேன்.

"பெரியப்பா, கடைசியா ஒரு தடவை கேக்கறேன். ரிங்?"

"கீழ கை வெக்காதன்னு சொன்னேன்ல?"

வைக்கவில்லை. ஹெட்டைப் பொருத்தி, போல்ட்டுகளை வரிசை தவறாமல் முறுக்கினேன். என் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்பா டார்ச் பிடித்தார். ரிங் டப்பா என் பைக்குள்ளேயே இருந்தது.

ஊர்வலத்தன்று காலை வண்டி மயிலாப்பூரிலிருந்து கிளம்பும்போதே பின்னால் வந்த ஸ்கூட்டர்க்காரர்கள் ஒதுங்கிப்போனார்கள். லேத் கடைக்காரர் சொன்னது போலத்தான். கார்களை வரிசையாக நிறுத்தியிருந்த மைதானத்தில் பெரியப்பா பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். வலது பக்கம் அப்பா, சற்றுத் தள்ளி நான்.

பதினோரு மணி வாக்கில் தொப்பி போட்ட ஒருவர் வந்தார். அவருக்கும் இதே போல ஒரு வண்டியாம். பெரியப்பா தன் வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனை நீட்டினார். அவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். கொஞ்சம் யோசித்தார். மரியாதையாகத்தான் சொன்னார்.

"சார், இது ஓவர்சைஸ் பிஸ்டனாச்சே. போர் பண்ண இன்ஜின். பிரிச்சிருக்காங்களே."

பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். இன்னும் இரண்டு பேர் நெருங்கி வந்து போனை எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். பெரியப்பா போனைத் திரும்ப வாங்கி, படத்தைப் பார்த்தார், இன்ஜினைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்த நிமிடத்துக்காக ஒன்றரை வருடம் காத்திருந்தேன். எதிர்பார்த்ததைவிட வயதானவராகத் தெரிந்தார்.

"நீ மாத்திட்டியா?"

"இல்ல. அது ரொம்பப் பழசு. அப்பாவுக்குத் தெரியும்."

பெரியப்பா திரும்பினார். "ஏன்டா?"

அப்பா கைக்குட்டையால் முகப்புக் கண்ணாடியில் ஏதோ ஒரு கறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கே கறை எதுவும் இல்லை. துடைப்பதை நிறுத்தவும் இல்லை.

"எனக்கு இன்னாண்ணா தெரியும்?" என்றார். "அவதான் பிரிச்சா."

பெரியப்பா இப்போது வருகிறவர்களிடம், நன்றாக இருந்த இன்ஜினை வீட்டுப் பெண்ணை நம்பிக் கொடுத்துக் கெடுத்துக்கொண்டதாகச் சொல்கிறார். புகைக்கும் அதுவே காரணமாகிவிட்டது. இந்த நிலையில் அந்த இன்ஜின் ஒரு வருடம் ஓடலாம். அதற்குமேல் இறக்காமல் முடியாது. இறக்குகிறவர் நான்கு பிஸ்டன்களையும் வெளியே எடுப்பார், எத்தனை காலமாக ஓடியவை, நான் போட்டவை அல்ல என்பதைத் தேய்மானத்தை வைத்தே சொல்லிவிடுவார். இதை அப்பாவிடம் ஊர்வலத்தன்று மாலையே விளக்கிவிட்டேன், நிதானமாக, ஒன்று, இரண்டு, மூன்று என்று.

ரிங் டப்பாவைத் திருப்பி அனுப்பவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவிக்கு மேலே இருக்கும் பலகையில், 020 என்ற லேபிள் முன்பக்கம் தெரிகிறபடி வைத்திருக்கிறேன். அப்பா செய்தி பார்க்க உட்காரும் நாற்காலி அதற்கு நேர் எதிரே இருக்கிறது. டப்பாவை எடுத்துவிடு என்று அவர் இதுவரை கேட்கவில்லை. நாற்காலியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டிருக்கிறார். நான் வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் அதைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போடுகிறேன்.