கேமராக்களுக்குத் தைத்த தொப்பிகள்

அந்த ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் முழுவதையும் கவனித்துக்கொள்கிறவளை எல்லோரும் 'நெட்டக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பேரைக் கேட்டு உயரமான ஒருத்தியைத் தேடி வருகிறவர்கள், மேஜைக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கும் குள்ளமான பெண்ணைப் பார்த்து ஒரு கணம் விழிப்பார்கள். "நானேதான். நெட்டுக்குத்தான் அக்கா, நெட்டைக்கு இல்ல" என்பாள். வந்தவர் சிரித்து முடிப்பதற்குள் அவள் ஏணியோடு படியேறிக்கொண்டிருப்பாள்.

உட்கார்ந்த இடத்தில் இருக்க அவளுக்கு வராது. விருந்துக்குப் போனாலும் சாப்பிட்டுக்கொண்டே அண்ணாந்து, கூரையில் எந்த ஒயர் எங்கே போகிறதென்று பார்ப்பாள். கணவர் தையல்காரர். ஒரே நாற்காலியில் பொழுதைக் கழிக்கிறவர். "உட்கார்ற வேலையெல்லாம் எனக்கு, நடக்கிற வேலையெல்லாம் உனக்குன்னு யாரோ பங்கு பிரிச்சுட்டாங்க" என்பார்.

எப்போதும் அப்படி இருந்தவள் இல்லை. முதலில் அதே ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராகத்தான் சேர்ந்தாள். ஒரு நாள் காலையில் டெலிபோன் போர்டு மொத்தமும், அதோடு சேர்ந்த வார்டு மணிகளும் படுத்துவிட்டன. ரிப்பேர்காரர் வந்து சேரும்வரை, ஒவ்வொரு மாடியின் செய்தியையும் அவளே காலால் கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்படி ஓடியபோது ஓர் அறையில் ஒரு கர்ப்பிணி, மணி வெளியே அடிக்கவில்லை என்று தெரியாமல், கட்டிலோரத்துப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். கட்டைவிரல் வெளுத்துப்போயிருந்தது. ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் அந்த விரல் அவளை விடவில்லை. மாலை வகுப்பில் சேர்ந்து நெட்வொர்க் படித்தாள். அதன்பிறகு கால் தரையில் பாவவே இல்லை.

போன வருடம் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு பிரசவப் பிரிவு கட்டினார்கள். கேமரா, வைஃபை, நர்ஸ்கள் பேசுகிற போன், கட்டிலோரத்து அழைப்பு மணி எல்லாமே நெட்வொர்க் ஒயரில் ஓடுகிறவை. அவற்றுக்குக் கரண்டும் அதே ஒயரிலேயே போகும். தனியாக மின்சார இணைப்பு தேவையில்லை. அந்தக் கரண்டை எங்கிருந்து கொடுப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியது நெட்டக்காவின் பொறுப்பு.

ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்திலேயே, ஒயருக்குள் கரண்டை ஏற்றிவிடுகிற இன்ஜெக்டர் என்கிற சின்னப் பெட்டியை வைக்கலாம். ஆனால் அதற்குச் சுவரில் பிளக் வேண்டும். வார்டுக்கு வருகிறவர்கள் அந்தப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தங்கள் செல்போனைச் சொருகுவார்கள் என்பதை அவள் பழைய கட்டடத்தில் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்திருந்தாள். அதனால் மாடிப்படிக்கு அடியிலிருந்த அறையில் நெட்வொர்க் ஒயர்களெல்லாம் வந்து சேர்கிற சுவிட்ச் பெட்டியை ஒரே பெரியதாக வைத்து, அதிலிருந்தே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுப்பது என்று முடிவெடுத்தாள். அந்த சுவிட்ச் மொத்தமாக எவ்வளவு கரண்ட் தரும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. கணக்குப் போட்டாள். தாராளமாக மிஞ்சியது.

பிறகு செக்யூரிட்டி ஆபீசர் வந்தார். வண்டி நிறுத்துமிடத்துக்கு ஒரு கேமரா என்றார். பின்வாசலுக்கு ஒன்று என்றார். குழந்தைகள் இருக்கிற இடமாயிற்றே என்று வராந்தா நெடுக, திரும்பித் திரும்பிப் பார்க்கிற கேமராக்களாகவே கேட்டார். தட்டிக்கழிக்க முடியாத காரணம். எல்லாவற்றையும் மாட்டி முடித்து, சுவிட்சின் திரையைப் பார்த்தாள். அப்போதும் கொஞ்சம் மிச்சம் காட்டியது.

சுவிட்சை விற்ற கம்பெனியின் இன்ஜினியர், "அதான் மிச்சம் இருக்கே மேடம், அப்புறம் என்ன?" என்றார்.

அப்புறம் என்ன என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் துவைத்த துணியை மறுபடி வாளிக்குள் போட்டாள். தேநீரை ஊற்றிவிட்டுக் குடிக்க மறந்தாள். திறப்பு விழா நெருங்க நெருங்க, போட்ட கணக்கையே மறுபடி மறுபடி போட்டாள்.

"என்னதான் அரிக்குது உன்னை?" என்றார் கணவர்.

"தெரியலங்க. பகல்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு."

சொன்ன வாயை அப்படியே மூடிக்கொண்டாள். பகலில். அந்தக் கட்டடத்தில் வேலை நடக்கிற வரைக்கும் எல்லா விளக்கும் எரியும். வேலையாட்கள் கிளம்பும்போது கான்ட்ராக்டர் மெயினை அணைத்துப் பூட்டிக்கொண்டு போய்விடுவார். புதிய பிரிவு இதுவரை இருட்டில் ஓடிப் பார்த்ததே இல்லை. கேமராக்களோ இருட்டானால்தான் கண்ணுக்குத் தெரியாத விளக்கை ஏற்றிக்கொள்ளும். அப்போது கூடுதலாகக் கரண்ட் இழுக்கும்.

"உங்ககிட்ட கறுப்புத் துணி இருக்கா?"

"கோட்டுக்கு உள்ள வைக்கிற துணி நிறைய மிச்சம் கிடக்கு. யாருக்கு?"

"கேமராவுக்கு. தொப்பி தைக்கணும்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "தலை சுத்தளவு சொல்லு" என்றார்.

மறுநாள் மத்தியானம் நெட்டக்கா ஒவ்வொரு கேமராவாக ஏறி, கறுப்புத் தொப்பியை மாட்டி நாடாவை இழுத்துக் கட்டினாள். பெயிண்ட் அடிப்பவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "அக்கா, குளிருதாமா அதுக்கு?" என்று ஒருவர் கேட்க, வராந்தா முழுக்கச் சிரிப்பு. அவள் காதில் விழவில்லை. கடைசித் தொப்பியைக் கட்டிவிட்டு நர்ஸ்கள் மேஜைக்கு ஓடினாள். அங்கே அலமாரியில் மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த தலைமை நர்ஸை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்பார்கள். அவர் முன்னால் இருந்த போனின் திரை கறுத்துப்போயிருந்தது. பக்கத்துப் போனும் அப்படியே. நெட்டக்கா பக்கத்து அறைக்குப் போய்க் கட்டிலோரத்துப் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். சத்தமே இல்லை.

சுவிட்ச் தன் சக்திக்கு மேலே போனதும், கடைசித் துளைகளில் சொருகியிருந்தவற்றைக் கைகழுவிவிட்டது. அங்கேதான் போன்களும் மணிகளும் இருந்தன. துளைகளை அந்த வரிசையில் சொருகியது அவளே.

அன்று மாலையே மேனேஜர் அறையில் கூடினார்கள்.

"செட்டிங்ல போன்களுக்கு முதலிடம் குடுத்துடலாம். அப்ப போன் போகாது" என்றார் கம்பெனி இன்ஜினியர்.

"அப்ப எது போகும்?" என்றார் செக்யூரிட்டி ஆபீசர்.

இன்ஜினியர் இழுத்தார். "ஒண்ணு ரெண்டு கேமரா..."

"பிள்ளையைத் தூக்கிட்டுப் போறவன் அந்தக் கேமரா பக்கமாத்தான் போவான்."

"சண்டை எதுக்கு? இன்னும் பெரிசா ஒரு சுவிட்ச் வாங்கிடலாமே?" என்றார் மேனேஜர். திறப்பு விழாவுக்குள் அது வந்து சேராது என்று இன்ஜினியர் கையை விரித்தார்.

நெட்டக்கா உட்காரவே இல்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். வரப்போகிற பெரிய சுவிட்சை நினைத்துப் பார்த்தாள். அதுவும் ஒன்றுதான். ஒன்று விழுந்தால் எல்லாம் விழும். அந்த வெளுத்த கட்டைவிரல் கண்முன் வந்து நின்றது.

"பெரிய சுவிட்ச் வேணாம் சார். போனையும் மணியையும் இப்ப இருக்கிறதிலேர்ந்து கழட்டிடறேன்" என்றாள். "பழைய கட்டடத்திலேர்ந்து எடுத்த சுவிட்ச் ஒண்ணு நல்லாத்தான் இருக்கு, ஆனா கரண்ட் தராது. பல இன்ஜெக்டரை ஒரே பெட்டியில அடைச்ச மாதிரி ஒண்ணு கடையிலேயே கிடைக்கும். அதை நடுவுல வச்சா கரண்ட் அது குடுக்கும். வேற அறை, வேற பேட்டரி. கேமரா என்ன இழுத்தாலும் மணி அடிக்கும்."

"ரெண்டு இடத்தைப் பார்த்துக்கணுமே, சிரமமில்லையா?" என்றார் இன்ஜினியர். நியாயமான கேள்விதான்.

"சிரமம்தான்" என்றாள். "நான் ஒரே தப்பை ரெண்டு தடவை பண்ணாம இருக்கிற சிரமம்."

கூட்டத்துக்கு வந்திருந்த பெரிய சிஸ்டர் குறுக்கிட்டார். "எனக்கு ஒயர் தெரியாது. கூப்பிட்டா மணி அடிக்கணும். அந்தப் பொண்ணு சொல்றதைப் பண்ணுங்க" என்று எழுந்துவிட்டார்.

பெட்டி வந்தது. மறுபடி ஒயர்களைப் பிரித்து இழுத்தார்கள். மறுபடி தொப்பி மாட்டினாள். இந்தத் தடவை பெரிய சுவிட்சையே வேண்டுமென்று அணைத்தாள். கேமராக்கள் எல்லாம் செத்தன. கட்டிலோரத்துப் பொத்தானை அழுத்த, வராந்தா முனையில் மணி கணீரென்று அடித்தது. பெயிண்ட்காரர்கள் கைதட்டினார்கள். அவளுக்கு அழுகை வந்தது. ஏணியின் திருகைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

பிரிவைத் திறந்தார்கள். முதல் நாளே மூன்று தாய்மார்கள் வந்து சேர்ந்தார்கள். நெட்டக்கா வராந்தாவில் குட்டிபோட்ட பூனை மாதிரி சுற்றுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்த பெரிய சிஸ்டர், "நீங்க வீட்டுக்குப் போங்க. இல்லைன்னா உங்களையும் அட்மிட் பண்ணிடுவேன்" என்று விரட்டினார்.

நேராகக் கணவர் கடைக்குப் போனாள். பட்டன் டப்பாவைக் கொடுத்து நிறம் பிரிக்கச் சொன்னார். பிரித்தாள். வெள்ளையைக் கறுப்பில் போட்டாள். செல்போனை எடுத்துப் பார்த்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"பேசித்தான் பாரேன்" என்றார் அவர்.

வார்டுக்குப் போட்டாள். மணி அடித்த உடனே எடுத்தார்கள். "நெட்டக்காவா? காலையிலேர்ந்து நேர்ல கேட்டது போதாதா! போன் நல்லா இருக்கு. அது அடிச்ச சத்தத்துல, இப்பத்தான் தூங்கின குழந்தைதான் எழுந்துக்கும்போல. வைங்க" என்றது ஒரு நர்ஸின் குரல். பின்னால் குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது.

வைத்தாள். எழுந்து, கடைவாசலுக்கும் தையல் மெஷினுக்குமாக நடக்கத் தொடங்கினாள். அவர் தரையில் கிடந்த துணிச்சுருள் அவள் காலைத் தடுக்காமல் இருக்க, அதை மட்டும் ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு மெஷினை மிதித்தார்.