அப்பாவின் பித்தளை விசில்

ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்புக்கு நான் புத்தகம் கொண்டுபோவதில்லை. ஒரு பித்தளை விசிலைக் கொண்டுபோய் மேசையில் வைப்பேன். உளவியல் நடத்த வந்தவள் விசிலோடு நிற்கிறாளே என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மனம் எப்படி வேலை செய்கிறது என்று எனக்குப் பிடிபட்டதே அந்த விசிலால்தான்.

அப்பா பொம்மிடி போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். என் நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவருக்குப் பக்கவாதம் வந்தது. கைகால் மெல்லத் தேறியது, பேச்சு மட்டும் திரும்பவில்லை. தண்ணீர் கேட்க வாயெடுத்தால் "தா... தா..." என்று திணறிக் கட்டிலில் அடித்துக்கொள்வார். நாங்கள் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிந்தது. அதை நம்பியவள் நான் ஒருத்திதான். பார்க்க வந்தவர்கள் அவர் எதிரிலேயே "புத்தி போயிருச்சுங்க, பாவம்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் சனத்தில் நிச்சயத்தன்று தட்டு மாற்றும்போது பெண்ணின் தகப்பன் சபையில் எழுந்து, பெண்ணைக் கொடுப்பதாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "நானே சொல்லிடறன். அவன உள்ள படுக்க வெச்சிருங்க, சபையில உளறுனா நமக்குத்தான் அசிங்கம்" என்றார் பெரியப்பா. அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். பெற்றவர் குத்துக்கல்லாட்டம் இருக்க இன்னொருவர் எதற்கு என்று அன்று அழுதே விட்டேன்.

அந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் நின்றோம். அவருடைய பழைய பஸ் உள்ளே திரும்பியது. கைத்தடியை ஊன்றி நிமிர்ந்த அப்பா, "ஒடசல்பட்டி கூட்ரோடு, கடத்தூர், பொம்மிடீ... ஏறு ஏறு ஏறு" என்றார். ஒரு தடங்கல் இல்லை, அதே ராகம். இரண்டு பேர் ஏறியே விட்டார்கள். "தண்ணி வேணுமாப்பா?" என்று கேட்டேன். மறுபடியும் "தா... தா..."

சொல்லைத் தேடிக் கோத்துப் புதிதாகப் பேசுவது மூளைக்கு ஒரு வேலை. சொல்லிச் சொல்லித் தழும்பேறிய வரிசையும் ராகமும் வேறு பாதையில் வரும், முதல் பாதை அடைபட்டாலும் சிலருக்கு அது திறந்தே இருக்கும் என்பதையெல்லாம் பின்னால் படித்தேன். அன்று எனக்குத் தெரிந்தது, அந்த ராகத்தில் ஏற்றினால் வார்த்தை வரும் என்பது மட்டும்தான். ஊர்ப்பெயர்களை எடுத்துவிட்டு அதே இழுப்பில் சபைக்கான வார்த்தைகளை வைத்தோம். வேலையில் ஊதிய பழைய பித்தளை விசிலை ஊதினால்தான் அவருக்குத் தொடக்கம் வரும். முதல் நாள் "எம்பொண்ண, கடத்தூர், பொம்மிடீ" என்று வந்தது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். விடவில்லை, யாருக்கும் தெரியாமல் தினமும் மாடிக்குப் போய்ப் பழகினோம்.

நிச்சயத்தன்று பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். அறை வாசலில் விசில் சத்தம். சபையே திரும்பிப் பார்த்தது. வெள்ளைச் சட்டையில் அப்பா நின்றிருந்தார். "எம்பொண்ண... ஒங்க வூட்டுக்கு... குடுக்கறனுங்கோ..." பொம்மிடி பஸ்ஸின் ராகம் அப்படியே. எனக்குக் கண்ணீர் மறைத்தது. மாப்பிள்ளை வீட்டார் எழுந்தே நின்றுவிட்டார்கள். பெரியப்பா மட்டும் நடுவில் விழித்துக்கொண்டிருந்தார். அப்பா அவரைப் பார்த்து, நாங்கள் பழகாத ஒன்றைச் சொன்னார்: "உள்ள போ, உள்ள போ, எடம் இருக்குது."

இந்தக் கதையை வகுப்பில் சொல்லி முடித்ததும் யாராவது கேட்பார்கள், இப்ப நல்லா பேசறாருங்களா மேடம் என்று. தண்ணீருக்கு இன்னும் திணறத்தான் செய்கிறார். ஆனால் புத்தி போயிருச்சு என்று அதன்பின் ஒருவரும் வாய்திறந்ததில்லை. இன்று காலை நான் விசிலைப் பையில் போட்டுக் கிளம்பும்போதும், இப்போது எங்களோடு இருக்கும் அப்பா வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி "ரைட், போலாம்" என்றார்.

மேசையிலிருந்து விசிலை எடுத்து ஒரு ஊது ஊதிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன்.