மேஸ்திரியின் வாய்க்கு ஒரு வருஷம்

சுடலைமணி மேஸ்திரியைப் பற்றிச் சொல்லச் சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். ஜெகதளா பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் அவருக்குக் கீழே கொழுந்து பறித்தவள் நான். என் பெயர் காளியம்மாள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் முதல் பதினைந்து வருஷம் என்னைக் கூப்பிட்டது "ஏய் மூதேவி" என்றுதான். "கையில வாதமா வந்துருச்சு? வெரசா வாடி!" எல்லாப் பெண்களுக்கும் இதே அர்ச்சனை. மற்றபடி ஆள் மோசமில்லை. மழை வந்தால் முதலில் எங்களைத்தான் கொட்டகைக்குள் அனுப்புவார்.

அவருக்கு ஒரே மகள், பாப்பா. மனைவி வேணிக்கு உடம்பு முடியாத நாட்களில் குழந்தையைத் தேயிலைக் காட்டுக்குக் கூட்டிவந்து எடைக் கொட்டகையில் உட்காரவைப்பார். குன்னூரில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் அவளைச் சேர்க்க வேண்டும், அது ஒன்றுதான் அவருடைய ஆசை. எழுபத்தெட்டில் புதுக் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு மனைவி, மகளோடு போனார். அங்கே நடந்ததை வேணிதான் எங்களிடம் சொல்லி அழுதாள்.

தலைமையாசிரியை கேட்டதற்கெல்லாம் பாப்பா டாண் டாணென்று பதில் சொல்லியிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து வயதான ஆயா ஒருத்தி டீத்தட்டோடு மெதுவாக வந்தாளாம். குழந்தை திரும்பி, "ஏய் மூதேவி, கையில வாதமா வந்துருச்சு? வெரசா வாடி!" என்றாளாம்.

மேஸ்திரி கையை ஓங்கிவிட்டார். "நீங்க காளியம்மா அத்தைய அப்படித்தானுங்களே கூப்புடுவீங்க அப்பா?" என்று கேட்டாளாம் குழந்தை. ஓங்கிய கை கீழே இறங்கிவிட்டது.

"அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க. அதுக்குள்ள வீட்டுல பேச்சைச் சரி பண்ணிக்குங்க" என்று அனுப்பிவிட்டார் தலைமையாசிரியை.

மறுநாள் காலை, "காளியம்மாக்கா, இந்த வரிசைக்கு வாங்க" என்றார் மேஸ்திரி. மனுஷனுக்குக் காய்ச்சலோ என்று நினைத்தோம். ஆனால் ஊறிப்போன பழக்கம் லேசில் போகுமா? ஒரு நாளைக்கு நாலு தடவை மூதேவி எட்டிப் பார்ப்பாள். "ஏனுங்க மேஸ்திரி, பாப்பாவுக்கு சீட்டு வேண்டாமுங்களா?" என்பேன். நாக்கைக் கடித்துக்கொள்வார். எனக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம், பொய் சொல்வானேன்.

அடுத்த வருஷம் சீட்டு கிடைத்தது. ஆயா உள்ளே வந்ததும் பாப்பா எழுந்து, "நீங்க உக்காருங்க பாட்டி" என்று தன் நாற்காலியைக் காட்டினாளாம்.

இனி பழைய கதைதான் என்று எனக்குத் தோன்றியது. பள்ளிக்கூடம் திறந்த அன்று வேண்டுமென்றே கடைசி ஆளாக, ஆடி அசைந்து எடைக்குப் போனேன். மேஸ்திரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சீட்டுதான் கெடச்சிருச்சுங்களே. திட்டறதுன்னா திட்டிப்போடுங்க" என்றேன்.

அவர் என் முதுகிலிருந்த கூடையை இறக்கித் தராசில் வைத்தார். பிறகு, "இத்தனை வருஷமா பேசுனதுக்கெல்லாம் மன்னிச்சுக்குங்கக்கா" என்றார். காடு முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். திட்டும்போதும் அப்படித்தான் திட்டுவார்.