வயிற்றுப் பிள்ளைக்காக ஒரு கையெழுத்து

இன்று, வெளிநாட்டில் நாங்கள் குடியிருக்கும் கால்சாப் பகுதியில் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தால், மாதா கோயில் வாசலில் மேசை போட்டு ஒருவர் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார். அரச மருத்துவமனைகளில் கருக்கலைப்புக்குப் பொதுப்பணத்தைச் செலவழிக்கக் கூடாது என்று மனு.

ஆள் தெரிந்தவர்தான். எங்களுக்கு முன்பு அறை வாடகைக்குத் தந்தவர்.

"தங்கச்சி, ஒரு கையெழுத்துப் போடுங்கோ. எங்கட வரிக்காசிலயெல்லோ பிள்ளையளைக் கொல்லுறாங்கள். வயித்தில வந்த உயிரை நாங்கள்தானே காக்க வேணும்."

சொல்லிக்கொண்டே என் இடுப்பில் இருந்த மகளின் கன்னத்தைத் தடவினார்.

எனக்கு ஆறு மாத வயிறாக இருந்தபோது இதே வாய்தான் சொன்னது: "குழந்தை எண்டால் இரவிரவா அழும். மற்ற அறைக்காரருக்குக் கரைச்சல். வேற இடம் பாருங்கோ."

பேனையை வாங்கினேன். பெயருக்குப் பக்கத்தில் முகவரிக்கும் ஒரு கட்டம் இருந்தது.

"அண்ணை, இதில எந்த முகவரியை எழுதுறது? நீங்கள் எங்களை எழுப்பி அனுப்பின அறையின்ரையோ?"

அவர் எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "வாங்கோ, வாங்கோ" என்றார்.

அந்த மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் கைக்குழந்தைக்காரருக்கு அறை கொடுப்பவர் யாராவது இருந்தால் இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். நாங்கள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்.