ஒரே பல்லைப் பிடுங்கிய எட்டுப் பேர்

டாக்டர் லீலாபாய் இறந்துவிட்டார் என்று எங்கள் பல் மருத்துவக் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. விசாரிக்காமல் எதையும் நம்பக் கூடாதென்று என்னைப் பழக்கியவரே அவர்தான். அருமனையிலுள்ள அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். கணவர் எடுத்தார். “உள்ளதுதான் சாரே. காலையில நெஞ்சு வலின்னு சொன்னா. ஆசுபத்திரி வரைக்கும் எத்தல்ல” என்றார்.

பல நாடுகளில் பல் மருத்துவர்களை எப்படிப் பயிற்றுவிக்கிறார்கள் என்று ஒப்பிடும் ஆய்வை, என் துறையில் பணியாற்றிய லீலாபாய் தொடங்கியபோது, துறைத் தலைவராக இருந்த என்னையும் சேர்த்துக்கொண்டார். பாடத்திட்டங்களை அவர் நம்பவில்லை. வளைகுடா, இங்கிலாந்து, நியூசிலாந்து என்று பரவியிருந்த எங்கள் பழைய மாணவர்களையும், அவர்கள் மூலம் அந்தந்த நாட்டில் படித்தவர்களையும் தேடிப் பிடித்து ஒரே கேள்வியைக் கேட்டார்: பிறர் உதவியில்லாமல் முதல் பல்லை எப்போது எடுத்தீர்கள்? “புஸ்தகத்துல எல்லா நாடும் ஒண்ணுபோலத்தான் இருக்கும் சாரே. ஆளைக் கேட்டாத்தான் தெரியும்” என்பார்.

ஒரு நாட்டில் நோயாளிக்குப் பதில் பொம்மைத் தலையிலேயே நெடுங்காலம் பழகியிருந்தார்கள். இன்னொன்றில் மூன்றாம் ஆண்டிலேயே நோயாளி முன் நின்றிருந்தார்கள். போதிய பயிற்சி இல்லாமலே படிப்பு முடிந்தது என்று பலர் ஒளிக்காமல் சொன்னார்கள். எங்கள் கல்லூரிப் பதிவேடுகளில் மட்டும் குறையே இல்லை. எல்லா மாணவரும் ஒரே எண்ணிக்கையில் பல் எடுத்ததாக எழுதியிருந்தது. அது அவரை உறுத்தியது.

பதிவேடுகளை அடுக்கி வைத்து நோயாளி எண்களை ஒப்பிட்டார். ஒரே எண் எட்டு மாணவர்களின் பதிவேட்டில் இருந்தது. இராஜாக்கமங்கலத்தில் மீன் விற்கும் ஒரு பெண்ணின் எண். நேரே அவரிடம் போனார். “படிக்கிற பிள்ளைங்க ஏழெட்டு பேரு சுத்தி நின்னு பாத்தாவ. ஆரும் கை வைக்கல்ல. பெரிய டாக்டருதான் எடுத்தாரு” என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறார்.

எட்டுப் பதிவேட்டிலும் இருந்த கையெழுத்து என்னுடையது.

அவற்றை என் மேசையில் வைத்து, “இது உங்களுக்க கையெழுத்துதானே?” என்றார். ஆமாம் என்றேன். மழைக்காலத்தில் நோயாளிகள் வருவதில்லை, தேர்வு நெருங்கிவிட்டது என்றெல்லாம் சொன்னேன். “கட்டுரையில காரணத்தை எழுதுவோம் சாரே. எண்ணிக்கையை எழுதாண்டாம்” என்றார்.

அன்றிலிருந்து நானும் அவரைச் சந்தேகித்தேன். என் நாற்காலிக்கு ஆசைப்படுகிறாரா? நிர்வாகத்திடம் சொல்லிவிட்டாரா? அவர் அறைக்கதவு மூடியிருந்தாலே என்னைப் பற்றித்தான் பேச்சு என்று தோன்றியது. விஷயம் எப்படியோ நிர்வாகத்துக்குப் போனது. பதிவேடுகள் சரியானவை என்று எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். அவர் கட்டுரையில் என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்க அருமனைக்குப் போனேன். தாள்களை நீட்டினார்.

“எங்கள் கல்லூரியின் எண்ணிக்கையை இங்கே பயன்படுத்தவில்லை. பார்க்காமலே நாங்கள் கையெழுத்திட்டோம்” என்றிருந்தது. அவருடைய கையெழுத்து ஒரு பதிவேட்டிலும் இல்லை. பிறகு ஏன் ‘நாங்கள்’ என்று கேட்டேன். “நானும் இத்தனை வருஷம் இங்கதானே இருந்தேன்” என்றார்.

நிர்வாகம் கேட்ட கடிதத்தை நான் எழுதவில்லை. என் தலைவர் பதவி போனது; ஆசிரியராக மட்டும் நீடித்தேன். முதுநிலை மாணவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். கட்டுரை ஒரு சொல்லும் மாறாமல் வெளிவந்தது.

பின்னொரு நாள் மதியச் சாப்பாட்டின்போது, சந்தேகப்பட்டுத்தான் என்னை ஆய்வில் சேர்த்தீர்களா என்று கேட்டேன். “சந்தேகம் இருந்து சாரே. கூடவே இருந்தா தெரியும்லா” என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே, “உங்களுக்கும் என்மேல இருந்துல்லா?” என்றார். இருந்தது என்றேன். குழம்புப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

இப்போது மாணவர் பதிவேட்டை நீட்டினால், நோயாளி எங்கே என்று கேட்கிறேன். பலருக்கு என்மேல் கோபம். சிலருடைய பக்கங்கள் பாதி நிரம்பாமலே வருகின்றன. அந்தக் காலிக் கட்டங்களை நிரப்பவிடாமல், அவற்றின் கீழே அப்படியே கையெழுத்திடுகிறேன். லீலாபாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் துணிச்சல்தான்.